கந்தப்ப பாகவதர் வாய் மூடாத ஞாயிற்றுக்கிழமை

கந்தப்ப பாகவதருக்கு ஏழு பாஷை தெரியும் என்பது பதுளையிலிருந்து பெரகல வரைக்கும் ஊரறிந்த சங்கதி. ஊர் எப்படி அறிந்தது என்று கேட்டால், அவர்தான் சொல்லிவைத்திருந்தார். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஆர்மோனியப் பெட்டியைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்பே, ஒருவரும் கேட்காமலே, அதைச் சொல்லிவிடுவார். பாகவதர் என்கிற பட்டமும் அப்படித்தான். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுகிற காலம் அது. ரயிலடியில் யாரோ பேர் கேட்டபோது கந்தப்பன் என்று சொல்ல வாயெடுத்தவர், கேட்கிற ஆள் கோட்டுப் போட்டிருக்கிறாரே என்று ஒரு பாகவதரையும் சேர்த்துவிட்டார். சேர்த்ததை எடுக்க அப்புறம் மனசு வரவில்லை.

ஏழு பாஷையின் லட்சணம் அவருக்கே தெரியும். தமிழைத் தள்ளிவிட்டால் பாக்கி ஆறும் பாட்டு வரைக்கும்தான். தெலுங்கில் மூன்று கீர்த்தனை வரும், அதில் சாமி பேர் மட்டும் புரியும். மலையாளத்தில் ஒரு தாலாட்டு, பாடினால் அவருக்கே தூக்கம் வரும். சிங்களத்தில் வழி கேட்கலாம், சொல்லுகிற வழி விளங்காது. இங்கிலீஷில் துரைக்கு வைக்கிற சலாமும், அதற்குத் துரை திருப்பிச் சொல்லுகிற வசவும் தெரியும். பதுளையில் ஒரு பறங்கி வீட்டுக் கல்யாணத்தில் போர்த்துக்கேயப் பாட்டு ஒன்று பொறுக்கினார். அதற்கு அர்த்தம் அந்த வீட்டாருக்கே தெரியாதாம். ஆகையால் அந்த ஒரு பாஷையில் மட்டும் அவர் யாருக்கும் இளைத்தவரில்லை.

ஹிந்துஸ்தானியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. கொழும்புக்கு வந்த நாடகக் கம்பெனி ஒன்றின் கொட்டகைக்கு வெளியே நின்று, தகரத்தில் காதை ஒட்டவைத்துக் கற்ற பாட்டு அது. அப்பேர்ப்பட்ட உருக்கம். பதுளையில் ஒரு வியாபாரி வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணில் நீர் தளும்ப அதைப் பாடினார். பந்தலில் பம்பாய்க்காரத் துணி வியாபாரி ஒருவர் இருந்தார். பாட்டு முடிந்ததும் கிட்ட வந்து, "குரல் நல்ல குரல். ஆனால் இது கழுதையைத் தொலைத்தவன் தேடிக்கொண்டு பாடுகிற பாட்டு" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் பாகவதர் அந்தப் பாட்டை விட்டாரா என்றால் இல்லை. வேறு ஹிந்துஸ்தானிப் பாட்டு தெரிந்தால்தானே விடுவது?

நாடகத்திலும் அவர் கால் வைத்ததுண்டு, அதுவும் நான்கு காலாக. மதுரைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றோடு ஆர்மோனியக்காரராகக் கடல் தாண்டி வந்தவர் அவர். ஒரு நாள் புலி வேஷக்காரனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. புலிக்கு வசனமே கிடையாது, உறுமிவிட்டுச் செத்தால் போதும் என்று சொல்லி இவருக்குத் தோலை மாட்டிவிட்டார்கள். ராஜா அம்பு விட்டார், புலி செத்தது. செத்த புலியின் மேல் காலை வைத்துக்கொண்டு ராஜா வெற்றிப் பாட்டு பாடினார், சுருதி கீழே இறங்கிவிட்டது. புலி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை. படுத்தபடியே சரியான சுருதியை எடுத்துக் கொடுத்துவிட்டது. கொட்டகை சிரித்த சிரிப்பில் முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார். அப்படித்தான் கந்தப்பன் மலையேறி வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழா, கல்யாணம், கூத்து. அங்கே பாட்டு, இங்கே சாப்பாடு, எங்கேயோ தூக்கம். ஆனால் இப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஏற்றத்தில் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. மழையில் நனைந்த ஆர்மோனியம் இருமுகிறது, அதைத் தூக்குகிறவரும் இருமுகிறார். அவருக்கு இப்போது வேண்டியதெல்லாம் ஒரு கதவு. உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு, சாத்தியபின் "இவ்வளவு நேரம் எங்க போனீங்க" என்று அதட்ட ஒரு ஆள். வேறு பேராசை ஒன்றும் இல்லை.

இதைப் பெரகல சந்தியில் கடை வைத்திருந்த மர்ஸூக் நானாவிடம் அவர் பலமுறை சொல்லி அழுதிருக்கிறார். மர்ஸூக் நானாவின் கடைதான் பாகவதருக்கு மேல்விலாசம். கதைப் புத்தகங்களும் நாடகப் புத்தகங்களும் கட்டிய மூட்டை ஒன்று அங்கே அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் கிடக்கும். மாசி பிறந்த சமயம், மழைக்கு ஒதுங்கியவரைப் பார்த்து மர்ஸூக் நானா சொன்னார்:

"பாகவதரே, ஒங்களுக்கு ஒரு கதவு ஈக்கிது."

"என்ன நானா சொல்றீங்க?"

"பூனாகலப் பக்கம் ஒரு தோட்டத்துல பணியக்கணக்கு ஆளுங்க காமன் கூத்துக்குப் பாட்டுக்காரர் தேடுறாங்க. எரியாத கட்சி. மூணு வருஷமா தோத்துப்போய் ஈக்கிறாங்க. ஜெயிச்சுக் குடுத்தா ஆள அங்கயே வச்சிக்கிறதாம்."

மாசி வளர்பிறையில் தோட்டமெல்லாம் காமன் கூத்து நடக்கும். மன்மதன் கரும்பு வில்லை வளைத்துச் சிவன் மேல் பூவம்பு விட்டான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், மன்மதன் சாம்பலானான், ரதி அழுதாள். கதை அவ்வளவுதான். ஆனால் மன்மதன் உண்மையிலேயே எரிந்தானா இல்லையா என்று கேட்டுவிட்டால் தோட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் எதிரெதிரே நின்று பாட்டாலேயே வழக்குப் பேசும். ஒரு கட்சியில் பிறந்தவன் சாகும்வரை அந்தக் கட்சிதான். மாமன் மச்சான்கூட மாசி மாதத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

"நீங்க நாலு வருஷத்துக்கு முந்தி ஹாலிஎலயில எரிஞ்சான்னுதானே பாடினீங்க?" என்று மர்ஸூக் நானா இழுத்தார். "இந்தக் கடையில உக்காந்துதானே அந்தப் பாட்டையெல்லாம் கட்டினீங்க. இப்ப எரியலன்னு பாடுவீங்களா?"

"நான் வக்கீல் மாதிரி நானா. யாரு கூப்பிடுறாங்களோ அவங்களுக்குப் பேசுவேன்" என்றார் பாகவதர். சொன்னபோது அது கெட்டிக்காரப் பேச்சாகத்தான் தோன்றியது.

தோட்டத்தின் கீழ்ப்பாதி பணியக்கணக்கு, மேல்பாதி மேல்கணக்கு. பணியக்கணக்குக்குப் பொறுப்பு முத்துக்கறுப்பன் கங்காணி. ஆள் கட்டையாக, குரல் பெரிதாக இருப்பார். மூன்று வருடத் தோல்வியில் அவருக்கு மீசையே கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. பாகவதரைத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு அழைத்துவந்து, மறைக்காமல் பேசினார்.

"இந்த வருசம் மேக்கணக்குக்காரங்க வாயை அடைச்சிருங்க வாத்தியாரே. அடைச்சிட்டா நீங்க எங்கயும் போக வேணாம். லயத்துல கதவோட ஒரு காம்பரா தாரேன். என் தங்கச்சி ரெங்கம்மாவையும் கட்டிக்கங்க. அவ வாந்திபேதியில புருசனப் பறிகுடுத்து மூணு வருசமாச்சு. எத்தினி நாளைக்குத் தனியா கெடப்பா?"

"அவங்களக் கேட்டீங்களா?" என்றார் பாகவதர்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "கேட்டாரு, கேட்டாரு. மொதல்ல பாடி ஜெயிக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. ரெங்கம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, கூடையை இறக்கி, அடுப்பைப் பற்றவைத்துச் சோறு போடுவாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் உப்பும் புளியும் சரியாகவே இருந்தன. முதல் நாளே பாகவதர் தம் ஏழு பாஷையை எடுத்து விரித்தார். அவள் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுவிட்டு, "சரி, ஏழு பாஷையிலயும் ரசம் போதும்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

தமிழில் சொன்னார். சிங்களத்தில் எப்படியோ ஒப்பேற்றினார். மூன்றாவது பாஷையில் கீர்த்தனையின் முதல் அடியை ரசத்துக்கு ஏற்ற மாதிரி தலையசைத்துப் பாடினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் தட்டில் ரசம் நிரம்பி வழிந்துவிட்டது. அன்றைக்கு வேட்டி நனைந்து எழுந்துபோன பாகவதருக்கு, இந்தப் பெண் சிரிப்பதற்காக இன்னும் நான்கு பாஷை கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தது. அசடு வழிகிறோம் என்று அவருக்கே தெரிந்தது, ஆனாலும் வழியத்தான் செய்தார்.

ஒரு சாயங்காலம் அவள் சிரிக்காமல் கேட்டாள். "நிசமாவே ஜெயிச்சிருவீங்களா வாத்தியாரே?"

"ஒனக்கு அவ்வளவு ஆசையா?"

"ஆசைதான். எரிஞ்சான் எரிஞ்சான்னு மூணு வருசமா அவங்க கூத்தாடுறதக் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒருக்கா எரியலன்னு கேக்கணும்."

"கவலையே படாத. அந்தப் பயலுகளுக்குப் பாட்டுக் கட்டிக் குடுக்க எவன் இருக்கான் இந்த மலையில?" என்றார் பாகவதர். பதுளைக் கல்யாணத்தில் பட்ட அவமானமெல்லாம் மறந்துபோய்விட்டது அவருக்கு.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் நடந்தது. அன்றைக்கு ஆளெடுக்கிற பெரட்டு இல்லை, வேலை இல்லை. காமன் கம்பம் நட்ட பொட்டலில் இரண்டு கணக்கும் திரண்டுவிட்டது. இந்தப் பக்கம் பணியக்கணக்கு, அந்தப் பக்கம் மேல்கணக்கு, நடுவில் கோயில் பண்டாரம். அவர்தான் தீர்ப்புச் சொல்லுகிறவர். ஒரு கட்சி பாடினால் மறு கட்சி பதில் பாட வேண்டும். பாடுகிறவன் நடுவில் தடுமாறி நின்றுவிட்டால், தப்படிக்கிறவர் அடித்து ஓய்ந்து குச்சியைத் தூக்குவதற்குள் அடியை முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் கட்சி தோற்றது. அவ்வளவுதான் சட்டம்.

மேல்கணக்குப் பாட்டுக்காரர் இராசையா. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். எழுத்து வாசனை இல்லை, ஆனால் காதால் கேட்டதைப் பிடித்துக்கொள்ளுகிற சமர்த்தன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்று, காதைப் பொத்தி, எடுத்தார் பாருங்கள்:

"கண்ணைத் திறந்தார் முக்கண்ணனார் – அந்தக்
கரும்பு வில்லும் முறிந்ததே..."

பாகவதருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடடா, என்ன எடுப்பு, என்ன நடை, எவன் கட்டிய பாட்டு இது என்று ஒரு கணம் சொக்கிப்போனார். மறு கணம்தான் விளங்கிற்று. அவரே கட்டியதுதான். நான்கு வருடத்துக்கு முன் ஹாலிஎலயில் அவர் எரிந்த கட்சிக்குப் பாடியது, ஆள்மாறி வாய்மாறி இங்கே வந்து எதிரே நிற்கிறது.

வக்கீலாக இருந்தால் இந்த இடத்தில் பயந்திருப்பார். பாகவதர் பயப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. முறிந்ததே என்றா பாடுகிறான்? கருகியதே அல்லவா! கண்ணை, கரும்பு, கருகி என்று மோனையை எப்படிக் கோத்துவைத்தேன்! கழுத்தைத் திருகினாற்போல் திருகிவிட்டானே படுபாவி! பல்லைக் கடித்துக்கொண்டு தம் பதிலைப் பாடினார்.

"வெந்தான் என்றால் வேனிலிலே – தென்றல்
வீசுவதெப்படிச் சொல்லையா?
செந்தேன் சொட்டும் பூவையெல்லாம் – அவன்
செத்தபின் யார்தான் தொடுத்ததையா?"

பணியக்கணக்கு எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. முத்துக்கறுப்பன் கங்காணியின் மீசை இரண்டு பக்கமும் மேலே போயிற்று. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த ரெங்கம்மா கையைத் தட்டவில்லை, மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாகவதர் பார்த்தார், அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. காம்பராவின் கதவுக்கு என்ன நிறம் பூசலாம் என்றுகூட நினைத்தார்.

இராசையா மறுபடி வந்தார். மறுபடியும் இவர் பாட்டுதான். இவர் பதில் சொன்னார். இப்படியே வெயில் தாழ்கிறவரை தம்மோடு தாமே மல்லுக்கட்டினார் பாகவதர். அங்கே ஒரு சொல் சிதையும்போதெல்லாம் இங்கே இவருக்கு ஒரு பல் ஆடிற்று. கடைசியில் இராசையா ரதியின் புலம்பலை எடுத்தார். அது அவருடைய கடைசி ஆயுதம். அதற்குப் பின் அவரிடம் சரக்கு இல்லை என்பது பாகவதருக்குத் தெரியும். ஹாலிஎலயில் அதற்குப்பின் பாகவதரிடமே இருக்கவில்லை.

"கட்டிப் பிடிக்க உடலில்லை – ரதி
கதறிய குரலுக்கு விடையில்லை;
கைநிறைய அள்ளிய சாம்பலடி – அவள்..."

நின்றார் இராசையா. "அவள்..." என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அவள்..." என்றார் மறுபடியும். தப்பு அடித்துக்கொண்டே இருந்தது. மேல்கணக்கு மூச்சு விடவில்லை. ஒருவர் பின்னாலிருந்து ஏதோ முணுமுணுத்தார், அது வேறு பாட்டு. இராசையாவின் கண் அலைந்தது. அடி வரவில்லை. போய்விட்டது.

கந்தப்பன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சும்மா இருக்க வேண்டும். அதற்குச் சங்கீதம் வேண்டாம், படிப்பு வேண்டாம். ஆட்டுக்குட்டிகூடச் செய்யும். தப்பு ஓயப்போகிறது, குச்சி எழும்பப்போகிறது, பண்டாரம் வாயைத் திறக்கப்போகிறார், காம்பரா கிடைக்கப்போகிறது, ரெங்கம்மா கிடைக்கப்போகிறாள். எல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் அந்த அடி பாதியில் தொங்குகிறதே! ஆயுசில் தாம் கட்டியதில் உருப்படியான அடி அது ஒன்றுதான். அதை இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டால், இந்த ஜனங்கள் முடியாத பாட்டு என்றல்லவா நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்? வேண்டாம் கந்தப்பா, வேண்டாம், வாயை மூடு என்று அவர் தமக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

"...அவள் கண்நிறைய நின்ற கணவனடி!"

அதோடு நிறுத்தினாரா? இல்லை. ஆர்மோனியத்தை அமுக்கி, நான்கு அடியையும் முதலிலிருந்து, சிதையாமல், சிந்தாமல் முழுசாகப் பாடினார். கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. ஹிந்துஸ்தானிப் பாட்டுக்கு வந்த நீர் இல்லை, உண்மையான நீர். பொட்டலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பாடி முடித்து அவர் கண்ணைத் திறந்தபோது மேல்கணக்கு வானம் பிய்ந்துபோகிறமாதிரி கத்தியது. இராசையா ஓடிவந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

பண்டாரம் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். "யாரு சொன்னா என்ன, அடி முடிஞ்சிருச்சு. எரிஞ்ச கட்சி பாடியாச்சு. எரியாத கட்சி பதில் சொல்லணும்."

பணியக்கணக்கு முழுதும் பாகவதரைப் பார்த்தது. முத்துக்கறுப்பன் கங்காணி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "சொல்லுங்க வாத்தியாரே! பதில் சொல்லுங்க!"

"இதுக்குப் பதில் கெடையாதுங்க" என்றார் பாகவதர், இன்னும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பதில் சொல்ல முடியாதபடிதான் நான் கட்டினேன்."

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. கங்காணி சொன்ன வார்த்தைகள் தமிழில்தான் இருந்தன, ஒன்றுவிடாமல் புரிந்தன. தப்பு அடித்து மேல்கணக்கு ஊர்வலம் போயிற்று. அதில் பாகவதரையும் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். அவர் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தப்பினார். ரெங்கம்மா எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். அன்றைக்கு அவருக்குச் சோறு போட ஆளில்லை. மூடத் தெரியாத வாய்க்குச் சோறு ஒரு கேடா என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தாழ்வாரத்தில் சுருண்டார்.

கூத்து முடிந்து காமன் கம்பத்தை எரித்த மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது முத்துக்கறுப்பன் கங்காணியே தேடிக்கொண்டு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று பாகவதர் ஆர்மோனியத்தை முன்னால் பிடித்துக்கொண்டார். கங்காணி சிரித்தார்.

"வைங்க வாத்தியாரே பெட்டிய. கோவம் போயிருச்சு. தோட்டம் பூரா என்னா பேச்சு தெரியுமா? மேக்கணக்கு ஜெயிச்சதும் நம்ம வாத்தியார் கட்டுன பாட்டாலதானாம். துரை பங்களா சமையக்காரர் வரைக்கும் போயிருச்சு. அப்ப அவங்க ஜெயிச்சாலும் நம்மதானே ஜெயிச்சது?" மீசையைத் தடவிக்கொண்டார். "அடுத்த வருசம் பாத்துக்குவோம். காம்பரா காம்பராதான். போய்த் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசிருங்க. நாள் பாத்துருவோம்."

பாகவதருக்குக் கால் தரையில் பாவவில்லை. முழங்கால்கூட வாயை மூடிக்கொண்டது. தோற்றும் ஜெயித்தவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, ஆர்மோனியத்தையும் தோளில் மாட்டிக்கொண்டு பீலிப் பக்கம் போனார். மூங்கில் பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ரெங்கம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"கங்காணி சொன்னாரு..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். ஒக்காருங்க." அவள் முகத்தில் கோபம் இல்லை. அழுத முகமாக இருந்தது. "ஒண்ணு கேக்கணும். அந்தப் பாட்ட யாருக்காகக் கட்டுனீங்க?"

பாகவதரின் வாயில் பொய்கள் வரிசையாக வந்து நின்றன. இளமையில் இறந்த மனைவி என்று சொல்லலாம். கனவில் வந்த அம்மன் என்று சொல்லலாம். ஆனால் அவள் பார்த்த பார்வைக்கு முன்னால் ஒன்றும் எடுபடாது போலிருந்தது.

"யாருக்காகவும் இல்ல ரெங்கம்மா. மர்ஸூக் நானா கடையில ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தேன். கைநிறையன்னு ஒரு அடி வந்திச்சு. அடுத்த அடிக்கு மோனை வேணும். கண்நிறையன்னு போட்டேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு வாந்திபேதியில போனப்ப நோய் தொத்திக்கும்னு கிட்ட விடல. மொகத்தையும் காட்டல. மறுநா எங்கண்ணன் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு, வெறும் சாம்பல். நான் அள்ளுனேன். உள்ளங்கை சுட்டிச்சு. அள்ளிக்கிட்டு நிமிந்தா எதிர்ல நிக்கிறாரு. கூடையத் தூக்கிவிட வந்து நிப்பாருல்ல, அந்த மாதிரி. இத நான் எங்கண்ணன்கிட்டகூடச் சொன்னதில்ல. பைத்தியம்னுருவாங்க. நீங்க என்னடான்னா இத்தினி பேரு முன்னுக்கு அதப் பாடுறீங்க. ரொட்டி தின்னுக்கிட்டு கட்டுனேங்கிறீங்க."

தாம் செய்தது நல்லதா கெட்டதா என்று பாகவதருக்கு விளங்கவில்லை.

"நீங்க வந்ததிலருந்து மனசு கொஞ்சம் லேசாத்தான் இருந்திச்சு. பொய் சொல்லல. சரி, இனி ஆயிருச்சு, அவரு போயிட்டாருன்னுதான் சம்மதிச்சேன்" என்றாள் ரெங்கம்மா. "நீங்க பாடுனதும்தான் தெரிஞ்சிச்சு, போகல. அங்கனயேதான் நிக்கிறாரு. அவரையும் வச்சிக்கிட்டு ஒங்களையும் வச்சிக்க என்னால ஆகாது வாத்தியாரே. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒங்க மேல கோவம் இல்ல. கோவிச்சிக்காதீங்க."

இருபத்தைந்து வருடமாகப் பாடுகிறார். எத்தனை பந்தல், எத்தனை கொட்டகை, எத்தனை பொட்டல். யாரோ சிரித்தார்கள், யாரோ தூங்கினார்கள், யாரோ வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். நெஞ்சில் போய்த் தைக்கிறமாதிரி ஒரே ஒரு அடி ஆண்டவன் கொடுத்தான். அது போயும் போயும் தைத்தது இவள் நெஞ்சிலா! கந்தப்பனுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொல்லப்போனார். அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் இவள் கையால் சாப்பிட்டார், இத்தனை நாள் தம் பெருமையையே அளந்தார், இவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அவரு பேரு என்னா ரெங்கம்மா?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடமாக யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை போலிருந்தது.

"அழகரு" என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு முறையும் சொன்னாள். "அழகருன்னு பேரு. முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கும். மழையில மரத்துல ஏறி விழுந்தது. வேணாம்னு சொன்னா கேக்கவே மாட்டாரு." பாகவதர் ஆர்மோனியத்தைப் புல்லில் வைத்துவிட்டு, எதிர்க் கல்லில் உட்கார்ந்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அழகர் எப்படி நடப்பார், எதற்குக் கோபிப்பார், கருவாட்டுக் குழம்புக்கு எப்படி அடித்துக்கொள்வார் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீரோடு.

"ஆனா அவருக்குப் பாட்டு மட்டும் வராது வாத்தியாரே" என்றாள். "சுத்தமா வராது."